பானட் மூடவில்லை என்றால் தளத்தைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, வணக்கமுங்க. பெருந்துறையில் ஒரு தறிப்பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் அப்பிச்சி, அம்மாவின் அப்பா, ஒரு டாக்டர் வீட்டில் கார் ஓட்டியவர். அந்த வண்டி ஃபோக்ஸ்வாகன் பீட்டில். அம்மாவுக்கு அதைச் சின்னதாகச் செய்து கொடுக்கலாம் என்று 1/24 அளவில் ஒரு பிளாஸ்டிக் கிட் வாங்கினேன். விலை குறைவு, வேலையும் அப்படித்தான் இருக்கிறது. பாடியைச் சக்கரங்கள் மாட்டும் தளத்தின் மேல் வைத்தால் பின்பக்கம் உட்காருகிறது, முன்பக்கம் 3 மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நிற்கிறது. பானட் ஓரத்தில் சந்து தெரிகிறது, ஆனாலும் இடித்துக்கொண்டு மூட மாட்டேன் என்கிறது. இடது முன் சக்கரம் தரையைத் தொடவில்லை. வெர்னியரில் அளந்தேன். பாடியின் சக்கர வளைவுகளுக்கு நடுவிலிருந்து நடுவரை 100 மி.மீ., தளத்தில் சக்கர அச்சுக்கு அச்சு 98.5 மி.மீ. அவசரப்பட்டு வலது முன் மட்கார்டை ஃபெவிக்விக்கில் ஒட்டி, சந்தில் எம்-சீல் வைத்துவிட்டேன். பொன்னுக்கு வீங்கி வந்த கன்னம் மாதிரி இருக்கிறது. முன் கண்ணாடி வேறு வெள்ளை பூத்துவிட்டது. பட்டி வைப்பதா, அரம் போடுவதா, தூக்கிப் போடுவதா?

பதில்: தூக்கிப் போட வேண்டாம் தம்பி. வெர்னியர் வைத்து அளந்து எழுதியிருக்கிறீர்களே, அந்த இரண்டு எண்களிலேயே பாதி பதில் இருக்கிறது. "சரியாக உட்காரவில்லை, என்ன செய்வது" என்று மட்டும் எழுதுகிறவர்களே அதிகம். எங்கே, எவ்வளவு என்று சொன்னால்தானே மருந்து சொல்ல முடியும்?

நான் மாடல் கார் செய்வது பொழுதுபோக்குக்கு. பிழைப்பு பேட்டர்ன் மேக்கர் வேலை. கோயமுத்தூர் கணபதியில் பட்டறைகளுக்கு நடுவே, பம்ப் உறை, கியர் பாக்ஸ் மூடி என்று மரத்தில் செதுக்கி ஃபவுண்டரிக்குக் கொடுத்தே காலம் போனது. மணலில் அச்சு எடுத்து இரும்பை ஊற்றினால் அது ஆறும்போது சுருங்கும். அதனால் நாங்கள் வைத்திருக்கும் அளவுகோலே சாதாரண அளவுகோல் இல்லை. வார்ப்பிரும்புக்கு நூற்றுக்கு 1, அலுமினியத்துக்கு 1.3, எஃகுக்கு 2 என்று சுருக்கத்தைக் கூட்டி வைத்துக் கோடு போட்ட தனித்தனி அளவுகோல்கள். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு நாள் எஃகுக்கான அளவுகோலை எடுத்து வார்ப்பிரும்புக்கான பம்ப் உறையைச் செய்துவிட்டேன். 400 மி.மீ. வர வேண்டியது 4 மி.மீ. பெரிதாக வந்தது. மூடி பொருந்தவில்லை என்று மூடியை ஒரு நாள் முழுக்க அரம் போட்டேன். மேஸ்திரி வந்து மூடியைத் தொடவே இல்லை. என் கையிலிருந்த அளவுகோலை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்கு மதியச் சோறு இறங்கவில்லை.

உங்கள் பீட்டிலிலும் அதே கதைதான். பானட் மூடவில்லை என்று பானட்டையும், மட்கார்டு சேரவில்லை என்று மட்கார்டையும் பார்க்கிறீர்கள். கோளாறு கீழே, தளத்தில். அசல் பீட்டிலின் அச்சுக்கு அச்சு தூரம் 2400 மி.மீ. அதை 24-ஆல் வகுத்தால் மீதம் இல்லாமல் 100. மாடல் செய்கிறவனுக்குக் கடவுள் கொடுத்த வண்டி இது, எல்லாக் காரிலும் கணக்கு இவ்வளவு சுலபமாக வராது. உங்கள் பாடி 100, அது சரி. தளம் 98.5, அது தப்பு. இரண்டில் எது யோக்கியம் என்று முதலில் தெரிந்துகொண்டால்தான் எதில் கை வைப்பது என்று முடிவு செய்ய முடியும். இது தெரியாமல் பாடியைச் சீவியிருந்தால் நல்லதைக் கெடுத்துக் கெட்டதோடு சேர்த்த மாதிரி ஆகியிருக்கும்.

இந்தக் கிட்டுகள் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக். அதுவும் சுருங்கும், ஆனால் நூற்றுக்கு அரை அளவுதான். நல்ல கம்பெனி அதை வார்ப்பு அச்சிலேயே கூட்டி வைத்திருக்கும். உங்கள் தளத்தில் நூற்றுக்கு ஒன்றரை குறைகிறது. ஒரு தடவை வார்த்ததில் இவ்வளவு போகாது. என் அனுமானம், இந்தத் தளம் வேறொரு கிட்டின் தளத்தை வைத்து அச்செடுத்து, அதை வைத்து மறுபடி அச்செடுத்து வந்த நகல். பாடி ஒரு வீட்டுப் பிள்ளை, தளம் வேறு வீட்டுப் பிள்ளை.

சரி, வேலைக்கு வருவோம். பசை, பட்டி எல்லாவற்றையும் எடுத்து அலமாரியில் வையுங்கள். வலது மட்கார்டைத் தவிர இன்னும் எதையும் ஒட்டவில்லை என்றுதான் கடிதத்திலிருந்து தெரிகிறது, அதுவரை நல்லது. இனி நான் சொல்லும்வரை எல்லாம் பெயின்ட் கடைகளில் கிடைக்கும் மாஸ்க்கிங் டேப்பில்தான் நிற்க வேண்டும்.

முதலில் முறுக்கு. தளத்தைச் சக்கரங்களோடு ஒரு தடித்த கண்ணாடியின் மேல் வையுங்கள், மேஜைக் கண்ணாடி போதும். சமையல் மேடை கிரானைட்டும் பரவாயில்லை. தொடாத சக்கரத்துக்கு அடியில் சாதாரண ஏ4 தாளை ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். ஒரு தாள் ஏறக்குறைய 0.1 மி.மீ. தாளை இழுத்தால் லேசாகப் பிடிக்க வேண்டும், அதுவரை எண்ணுங்கள். சந்து அளக்கும் ஃபீலர் கேஜ் வாங்கக் காசில்லாத காலத்தில் நாங்கள் பீடிக் கட்டின் மேல்தாளை வைத்தே பார்த்திருக்கிறோம்.

அப்புறம் சக்கரங்களைக் கழற்றிவிட்டுத் தளத்தை மட்டும் அதே கண்ணாடியின் மேல் வைத்து மூலைகளை விரலால் தட்டுங்கள். டக் டக் என்று ஆடினால் தளம்தான் முறுக்கிக்கொண்டிருக்கிறது. ஆடாமல் படிந்து உட்கார்ந்தால் தளம் நேர், சக்கர அச்சு உட்காரும் இடத்தில் கோளாறு. முறுக்கு என்றால் வெந்நீர் வைத்தியம். பாத்திரத்தின் அடியில் சின்னச் சின்னக் குமிழ்கள் வரும், தளதளவென்று கொதிக்கக் கூடாது, அந்தப் பதம். பாலிஸ்டைரீன் 100 டிகிரியை நெருங்கும்போது துவண்டுவிடும். கொதிக்கும் நீரில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனால் வந்து பார்க்கும்போது அப்பளம்தான் கிடைக்கும். முதலில் உதிரி பாகங்கள் ஒட்டிக்கொண்டிருந்த சட்டத்தில் ஒரு துண்டை முக்கிப் பழகுங்கள். பதம் பிடிபட்டதும் தளத்தை இடுக்கியால் பிடித்து அரை நிமிடம் முக்கி, எடுத்த கையோடு கண்ணாடியில் வைத்து, முறுக்குக்கு எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் கூடவே திருகி, பச்சைத் தண்ணீர் ஊற்றுங்கள். பிளாஸ்டிக்குக்குப் பழைய நினைவு உண்டு, விட்டால் பாதி திரும்பும். இரண்டு மூன்று தடவை ஆகும்.

முறுக்கு போன பிறகு தளத்தை மறுபடி அளக்க வேண்டும். இந்தத் தடவை நீளம் மட்டுமல்ல, அகலமும். பாடிக்குள் தளம் உட்காரும் விளிம்புக்கும் தளத்தின் ஓரத்துக்கும் இருபுறமும் சந்து இருக்கிறதா? இருந்தால் தளம் மொத்தமாகச் சுருங்கிய நகல் என்பது உறுதி. அப்போது செய்ய வேண்டியது அறுவை. முன் இருக்கைகள் வரும் இடத்துக்கு நேர் கீழே தளத்தைக் குறுக்காக அறுத்து, நடுவில் 1.5 மி.மீ. பட்டை வைத்து ஒட்ட வேண்டும். ஒட்டும்போது கண்ணாடியின் மேல் அளவுகோலை ஓரமாக நிறுத்தி அதை ஒட்டியே செய்யுங்கள், இல்லாவிட்டால் ஒரு கோணலை எடுத்து இன்னொரு கோணலை வைப்பீர்கள். மேலே இருக்கைகள் நிற்கும் உள்கூடு மூடிவிடும், ஒருவருக்கும் தெரியாது. ஓரச் சந்துக்கு அரை மி.மீ. பட்டை. அகலம் சரியாக இருந்து நீளத்தில் மட்டும் குறைந்தால் அறுவை வேண்டாம். முன் அச்சு உட்காரும் முளைகளை வெட்டிவிட்டு அச்சை 1.5 மி.மீ. முன்னால் தள்ளி ஒட்டினால் முடிந்தது.

பட்டைக்குப் பிளாஸ்டிக் எங்கே போவது என்று கேட்பீர்கள். முக்கோணத்துக்குள் 6 என்று போட்டிருக்கும் தயிர் டப்பா, டீ கப் எல்லாம் பாலிஸ்டைரீன்தான். பழைய சிடி டப்பாவும் அதுவே, ஆனால் மொறுமொறுவென்று உடையும். கிட்டுக்கான திரவப் பசை இவற்றை உருக்கி ஒன்றோடொன்று கலக்கச் செய்துவிடும். ஒட்டு இல்லை அது, வெல்டிங். பிளம்பர் வைத்திருக்கும் பைப் பசையைத் தொடாதீர்கள், கெட்டியாக வழிந்து நாசம் செய்யும்.

இனி உங்கள் முக்கியமான புகார், முன்பக்கம் 3 மி.மீ. தூக்குவது. இதில் சித்தெ நேரம் நிற்க வேண்டும்.

தளம் குட்டையாக இருப்பதால் மட்டும் பாடி இவ்வளவு தூக்காது. உள்ளே ஏதோ ஒன்று முட்டுக் கொடுக்கிறது. பாடியை வைத்துவிட்டால் உள்ளே பார்க்க முடியாது, அதுதான் சிக்கல். பட்டறையில் இரண்டு இரும்பு முகங்கள் எங்கே முட்டுகின்றன என்று பார்க்க ஒன்றின் மேல் மெலிதாக நீல மை தடவி, சேர்த்து அழுத்திப் பிரிப்போம். உயர்ந்த இடத்தில் மட்டும் எதிர்ப்பக்கம் நீலம் ஒட்டியிருக்கும். வீட்டில் அதற்குக் கண்மை போதும். என் வீட்டம்மாவின் கண்மை டப்பா இரண்டு என் கணக்கில் காலியாகியிருக்கிறது.

உள்கூடு, டேஷ்போர்டு, இருக்கை எல்லாவற்றையும் டேப்பில் நிறுத்தி, உள்கூட்டின் மேல் விளிம்பிலும் டேஷ்போர்டின் உச்சியிலும் விரல் நுனியால் கண்மையை ஒற்றுங்கள். ஒற்றினால் போதும், பூசக் கூடாது. பாடியை நேராக மேலிருந்து இறக்கி, முட்டும் இடம்வரை ஒரே அழுத்து, அதே நேராகத் தூக்குங்கள். கவிழ்த்து டார்ச் அடித்துப் பாருங்கள். நான் பார்த்த இந்த மாதிரிக் கிட்டுகளில் பெரும்பாலும் கறுப்பு ஒட்டியிருக்கும் இடம் முன் கண்ணாடிச் சட்டத்துக்கு உள்பக்கம், மிளகு அளவு இரண்டு வட்டமான மேடுகள். அச்சிலிருந்து பிளாஸ்டிக்கைத் தள்ளி வெளியேற்ற ஊசிகள் இருக்கும், எஜெக்டர் பின். அச்சு தேய்ந்து, ஊசி சரியாக உட்காராமல் போனால் அது நின்ற பள்ளத்தில் பிளாஸ்டிக் புகுந்து மேடாகிவிடும். உள்பக்கம்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிடுகிறார்கள். அந்த இரண்டு மிளகுதான் டேஷ்போர்டின் மேல் ஏறி நின்று வண்டியின் மூக்கையே தூக்கும்.

வளைந்த பிளேடால் சுரண்டுங்கள், வெட்ட வேண்டாம். ஒரு மேட்டைச் சுரண்டியதும் மறுபடி கண்மை. இப்போது கறுப்பு வேறு இடத்துக்குப் போயிருக்கும், கதவுப் பக்கத்துச் சுவருக்கோ ஸ்டியரிங் தண்டுக்கோ. அதையும் சுரண்டுங்கள், மறுபடி கண்மை. ஆறேழு தடவை இறக்கி ஏற்ற வேண்டியிருக்கும். பொறுமை போகும்போது ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அசல் காரின் தகடு ஒரு மி.மீ. கூட இருக்காது. உங்கள் கிட்டின் சுவர் ஒன்றிலிருந்து ஒன்றரை மி.மீ. அதை 24-ஆல் பெருக்கினால் 24-இலிருந்து 36 மி.மீ. வரை போகும், கோட்டைச் சுவர்! வெளி அளவு சரியாக இருந்தால் அவ்வளவு கனமும் உள்ளேதான் இடத்தைத் தின்னும். அதனால் உள்கூட்டின் பக்கச் சுவரைத் தாராளமாகத் தேய்த்து மெலிதாக்கலாம், பாவமில்லை.

மேடெல்லாம் போய்ப் பாடி உட்கார்ந்ததும் கொண்டாடிவிடாதீர்கள். முன் கண்ணாடி இன்னும் உள்ளே வரவில்லை. அதற்கு இடம் இருக்கிறதா? இதற்குச் சப்பாத்தி மாவு. மிளகளவு உருண்டைகளாக உருட்டி டேஷ்போர்டின் விளிம்பில் மூன்று இடத்தில் வைத்துப் பாடியை இறக்கி அழுத்தி எடுங்கள். நசுங்கிய உருண்டையின் தடிமன்தான் உள்ளே இருக்கும் சந்து. கிட்டில் வந்த கண்ணாடியின் தடிமனை வெர்னியரில் பாருங்கள். மாவு அதைவிட மெலிதாக நசுங்கியிருந்தால் டேஷ்போர்டின் முன் விளிம்பை அந்த வித்தியாசத்துக்குத் தேய்க்க வேண்டும். இதைச் செய்யாதவர்கள்தான் பெயின்ட் எல்லாம் அடித்து முடித்துவிட்டு, கடைசி நாளில் கண்ணாடி வைத்ததும் பாடி மறுபடி தூக்குகிறதே என்று தலையில் கை வைப்பார்கள். வேலை முடிந்ததும் கண்மையைச் சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள், எண்ணெய்ப் பிசுக்கின் மேல் பெயின்ட் நிற்காது.

பானட்டுக்கு வருகிறேன். சந்தும் தெரிகிறது, இடிக்கவும் இடிக்கிறது, இது எப்படி என்று குழம்பியிருப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, ஏனென்றால் இது எங்கள் தொழில் ரகசியம். அச்சிலிருந்து எந்தப் பொருளும் எளிதாகக் கழன்று வர வேண்டுமானால் அதன் பக்கங்கள் செங்குத்தாக இருக்கக் கூடாது, ஓரிரண்டு டிகிரியாவது சாய்வு கொடுக்க வேண்டும். மணல் அச்சுக்கும் அப்படித்தான், பிளாஸ்டிக் அச்சுக்கும் அப்படித்தான். உங்கள் பானட்டின் ஓரத்தைப் பக்கவாட்டில் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மேல் விளிம்பைவிட அடி விளிம்பு கொஞ்சம் அகலமாக இருக்கும். மேலே பார்க்கிற கண்ணுக்குச் சந்து, அடியில் பாடியோடு இடி. நீங்கள் மேல் விளிம்பைத் தேய்த்தால் சந்து பெரிதாகுமே தவிர பானட் மூடாது.

பானட்டைக் கவிழ்த்துப் பிடித்து, 600 நம்பர் வாட்டர் பேப்பரை ஐஸ் குச்சியில் ஒட்டி, அடி விளிம்பை மட்டும் உள்பக்கம் சாய்த்துத் தேயுங்கள். மேல் விளிம்பில் பேப்பர் படவே கூடாது. பயமாக இருந்தால் மேல் விளிம்பு நெடுக மாஸ்க்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். நாலு இழுப்பு, வைத்துப் பார், நாலு இழுப்பு, வைத்துப் பார். ஒரு கட்டத்தில் அதுவாகப் பொத்தென்று விழுந்து உட்காரும். அந்தச் சத்தம் எனக்கு இந்த வயதிலும் பிடிக்கும்.

உட்கார்ந்த பிறகும் ஒரு பக்கம் சந்து கூடுதலாக இருந்தால் பானட்டை நடுவுக்கு நகர்த்தி இரண்டு பக்கமும் பங்கிடுங்கள். அசல் காரில் நாலு ஐந்து மி.மீ. இருக்கும் சந்து 1/24-இல் 0.2 மி.மீ., அதாவது உங்கள் தாள் இரண்டு. அந்த அளவைப் பிடிக்க முடியாவிட்டால் விடுங்கள், இருபுறமும் சமமாக இருந்தால் கண் மன்னித்துவிடும். ஒரு பக்கம் இரண்டு தாள், மறுபக்கம் ஆறு தாள் என்றால் மன்னிக்காது. பெயின்டுக்கும் இடம் விட வேண்டும், அண்டர்கோட், நிறம், மேல்பூச்சு எல்லாம் சேர்ந்து ஒவ்வொரு ஓரத்திலும் ஒரு தாள் அளவுக்கு ஏறிவிடும். அதனால் இப்போது சிக்கென்று உட்காரும் பானட் பெயின்டுக்குப் பிறகு உட்காராது, கொஞ்சம் லூசாகவே இருக்கட்டும்.

மட்கார்டு. இதில் நீங்கள் பட்டி வைத்ததே தப்பு, பட்டி சரியாக அமைந்திருந்தாலும் தப்புதான். அசல் பீட்டிலில் மட்கார்டு பாடியோடு வெல்டிங் செய்தது இல்லை, போல்ட் போட்டு முடுக்கியது. நடுவில் ஒரு பீடிங், அதாவது மெல்லிய விளிம்புப் பட்டை, ஓடும். அந்தக் கோடு வண்டியின் முகத்தில் மூக்குத்தி மாதிரி, அதை மெழுகிவிட்டால் பீட்டில் பீட்டிலாக இருக்காது. கோயமுத்தூர் வந்தால் அவினாசி ரோட்டில் ஜி.டி. கார் மியூசியத்துக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். பழைய வண்டிகளில் மட்கார்டு பாடியைச் சந்திக்கும் இடத்தில் குனிந்து பார்த்தால் எந்தச் சந்து வண்டியோடு பிறந்தது, எது கிட்காரன் கொடுத்தது என்று கண்ணுக்குப் பழகிவிடும்.

ஒட்டிய மட்கார்டைக் கழற்ற நெயில் பாலிஷ் ரிமூவரை எடுத்துவிடாதீர்கள். அதில் இருக்கும் அசிட்டோன் பசையோடு பாடியையும் சேர்த்துக் கரைக்கும். பாடியை ஒரு கவரில் போட்டு ஃப்ரீசரில் ஒரு இரவு வையுங்கள். ஃபெவிக்விக் வகைப் பசை குளிரில் மொறுமொறுப்பாகிவிடும். காலையில் எடுத்த உடனே, பிளேடின் முதுகை மூட்டில் கொடுத்து லேசாக நெம்பினால் டப்பென்று விடும். எம்-சீலும் வழவழப்பான பிளாஸ்டிக்கைக் கெட்டியாகப் பிடித்திருக்காது, ஓரத்தில் நகம் கொடுத்தால் ஓடு மாதிரி பெயர வாய்ப்பு உண்டு. வராத இடத்தை மட்டும் தேயுங்கள். எம்-சீல் பிளாஸ்டிக்கைவிடக் கடினம், அதனால் தேய்க்கும்போது சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்தான் முதலில் கரையும், பட்டி மேடாகவே நிற்கும். உங்கள் பொன்னுக்கு வீங்கிக்கு அதுதான் காரணம். சுற்றிலும் டேப் ஒட்டிக்கொண்டு, கட்டையில் சுற்றிய பேப்பரால் மேட்டின் தலையை மட்டும் இறக்குங்கள்.

மட்கார்டைத் திரும்ப வைக்கும்போது சந்து சமமாக இருந்தால் நிரப்பவே வேண்டாம். தனியாகப் பெயின்ட் அடித்துவிட்டு, மட்கார்டின் ஓரத்தில் தையல் நூலை ஃபெவிகாலில் நனைத்து ஒட்டி அதன் பிறகு பாடியோடு சேருங்கள். நூலின் தடிமன் பீடிங்குக்குச் சரியாக வரும், சந்தும் மறையும். எங்காவது பெரிய ஓட்டை இருந்தால் அங்கே மட்டும் பட்டை வைத்து அடைக்கலாம். நான் என்றால் உதிரி பாகங்கள் ஒட்டியிருந்த சட்டத் துண்டுகளைத் திரவப் பசையில் ஓரிரு நாள் ஊறவைத்துக் கூழாக்கி வைப்பேன். பாடியோடு ஒரே பொருள், ஒரே மாதிரி தேயும். காய மட்டும் சில நாள் பிடிக்கும். அவசரத்துக்கு முகப்பவுடரில் ஃபெவிக்விக் சொட்டு விட்டுக் குழைத்து வைக்கலாம், ஆனால் அதை ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும், மறுநாள் கல்லாகிவிடும்.

கண்ணாடி வெள்ளை பூத்ததும் ஃபெவிக்விக் ஆவியால்தான். பல் விளக்கும் வெள்ளைப் பேஸ்ட்டைப் பழைய பனியன் துணியில் தொட்டு வட்டமாகத் தேய்த்துப் பாருங்கள், மேலாகப் படிந்ததென்றால் போய்விடும். போகாவிட்டால் கவலைப்படாதீர்கள். பழைய பீட்டில்களின் முன் கண்ணாடி தட்டை, இல்லாவிட்டால் லேசான வளைவுதான். உங்கள் ஊரைச் சுற்றித் துணிக் கம்பெனிக்கா பஞ்சம்? சட்டைப் பெட்டியின் மேல் இருக்கும் கண்ணாடித் தாளை வாங்கி, ஓட்டையின் அளவுக்குக் காகிதத்தில் வார்ப்புரு வெட்டி, அதன்படி நறுக்கினால் கிட்டில் வந்ததைவிட மெலிதாக, அழகாக இருக்கும். டேஷ்போர்டு முட்டும் தொல்லையும் பாதி தீரும். ஒட்ட ஃபெவிகால் போதும், காய்ந்தால் நிறமில்லாமல் போய்விடும். கிட்டின் கண்ணாடியையே வைப்பதென்றால் அதை வளைக்கவோ வெந்நீரில் போடவோ வேண்டாம், தெறித்துவிடும். கண்ணாடிச் சட்டத்தை அரம் போட்டு இடம் கொடுங்கள்.

அடிப்பக்கம், பின்னால் இன்ஜின் அறையின் உட்சுவர், இருக்கைக்குக் கீழே, இங்கெல்லாம் இருக்கும் குறைகளை நான் தொட மாட்டேன். உங்கள் அம்மா வண்டியைக் கவிழ்த்துப் பார்க்கப் போவதில்லை. அவர் பார்ப்பது அப்பிச்சி துடைத்த பானட்டையும் மட்கார்டையும்தான்.

ஒன்று மட்டும் மறந்துவிட்டேன், தேய்ப்பதெல்லாம் தண்ணீர் தொட்டே தேயுங்கள், தூள் மூக்குக்குப் போகாது, பேப்பரும் அடைக்காது.

ஃப்ரீசர் வேலையை இன்றைக்கு இரவே செய்யலாம். தளத்தின் வெந்நீர் வைத்தியம் முடிந்ததும் இடது முன் சக்கரத்துக்கு அடியில் எத்தனை தாள் நுழைகிறது என்று எண்ணி எழுதுங்கள். மூன்று தாளுக்குள் என்றால் அச்சுத் துளையை ஊசி அரத்தால் மேல்பக்கமாகக் கொஞ்சம் நீட்டி, சக்கரம் தரையில் படிந்த நிலையில் ஒட்டிவிடலாம். அதற்கு மேல் என்றால் அச்சைத் தொடாதீர்கள், தளத்தின் அகலத்தை இரண்டு முனையிலும் அளந்து அந்த எண்களையும் சேர்த்து அனுப்புங்கள்.